வெள்ளி விலை நாளை எவ்வளவு ஆடும்? இயந்திரக் கற்றலில் ஒரு தொடக்கப் பயிற்சி

சேலம் செவ்வாய்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துபவர்கள் காலையில் முதலில் விசாரிப்பது அன்றைய வெள்ளி விலையை. அடுத்த கேள்வி, "நாளைக்கு ஏறுமா, எறங்குமா?" என்பது. பழைய தரவிலிருந்து கணினியே ஒழுங்கைக் கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றலைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தைக்கு வரும் புதியவர்களும் பெரும்பாலும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். தொடக்கப் பயிற்சிக்கு இது பொருத்தமான கேள்வி அன்று. எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டிருப்பதால், நாளைய திசையைக் கணிப்பதற்கு எஞ்சியிருக்கும் தடயம் மிகச் சொற்பம்.

அசைவின் திசையை விட்டுவிட்டு அதன் அளவைக் கேட்டால் நிலைமை மாறுகிறது. விலை பெரிதாக ஆடிய நாள்களை அடுத்து மீண்டும் பெரிதாக ஆடும் நாள்களும், அமைதியான நாள்களை அடுத்து அமைதியான நாள்களும் வருவது பெரும்பாலான சந்தைகளில் காணப்படும் இயல்பு. இதைக் கணித வடிவில் 1982ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்ட ராபர்ட் எங்கிளுக்கு 2003இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே இந்தப் பயிற்சியில், எம்சிஎக்ஸ் என்ற சரக்குச் சந்தையில் நடக்கும் வெள்ளி முன்பேர ஒப்பந்தத்தின் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) விலை நாளை வழக்கத்தைவிட அதிகமாக ஆடுமா என்பதை மட்டும் கணிக்கப் பழகுவோம். பத்து கிலோ வெள்ளிக்கு ஆர்டர் பிடித்து, வெள்ளியை இன்னும் வாங்காமல் வைத்திருக்கும் பட்டறைக்காரருக்கும் இந்த விடை பயன்படும். கிலோ 90,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு விழுக்காட்டு அசைவு அவருக்கு ஒரே நாளில் 18,000 ரூபாய் வித்தியாசம்.

தேவையானவை: பைத்தான் நிரல் மொழியில் அடிப்படைப் பழக்கம், அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ், இயந்திரக் கற்றலுக்கான சைக்கிட்-லேர்ன் ஆகிய இரண்டு நிரல் நூலகங்கள். சொந்தக் கணினியில் எதையும் நிறுவ விரும்பாதவர்கள் இணைய உலாவியிலேயே பைத்தானை இயக்கும் கூகுள் கோலாபில் செய்யலாம்.

படி 1: தரவைச் சேகரித்தல்

எம்சிஎக்ஸ் தன் இணையதளத்தில் ஒவ்வொரு நாளும் வெளியிடும் பாவ்காப்பி என்ற விலைப்பட்டியல் கோப்பில், ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, வர்த்தக அளவு ஆகியவை இருக்கும். வெள்ளியின் பெரிய ஒப்பந்தம் 30 கிலோ. மினி 5 கிலோ. மைக்ரோ 1 கிலோ. பயிற்சிக்குப் பெரிய ஒப்பந்தத்தின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு டாலருக்கான ரூபாய் மதிப்பு, நியூயார்க் வெள்ளி விலை, தங்க விலை ஆகியவற்றின் தினசரித் தொடரும் வேண்டும். சில ஆண்டுத் தரவாவது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

படி 2: பொய்யான அசைவுகளைக் களைதல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும், செலவாகவும் வேண்டும். மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், டிசம்பர் என்று முடியும் தனித்தனி ஒப்பந்தங்களை ஒட்டித்தான் நீண்ட தொடர் ஒன்றை உருவாக்குகிறோம். ஒரு நாள் மார்ச் ஒப்பந்தம் 90,000 ரூபாயிலும், அதே நாளில் மே ஒப்பந்தம் 91,500 ரூபாயிலும் முடிகின்றன என்று கொள்வோம். மறுநாள் நீங்கள் மே ஒப்பந்தத்துக்கு மாறுகிறீர்கள். அது 91,600இல் முடிகிறது. முடிவு விலைகளை அப்படியே ஒட்டினால் 1,600 ரூபாய் ஏற்றம் தெரியும், ஆனால் உண்மையான ஏற்றம் 100 ரூபாய்தான். எனவே ஒவ்வொரு நாளின் விழுக்காட்டு மாற்றத்தையும் ஒரே ஒப்பந்தத்தின் நேற்றைய, இன்றைய விலைகளிலிருந்து கணக்கிட்ட பிறகே தொடரை ஒட்டுங்கள்.

சந்தையின் போக்கிலிருந்து வராமல் அரசாணையால் வரும் அசைவும் உண்டு. 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி மீதான சுங்க வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உலக விலையோடு தொடர்பில்லாமல் உள்ளூர் விலை அன்று வீழ்ந்தது. மாதிரியை, அதாவது பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரலை, பயிற்றுவிக்கும் தரவிலிருந்து அந்த நாளை நீக்கிவிடலாம், ஏனெனில் அதிலிருந்து கற்றுக்கொள்ளத்தக்க ஒழுங்கு எதுவும் இல்லை. ஆனால் நட்டம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று கணக்குப் போடும்போது அதே நாளை முதல் வரிசையில் வைக்க வேண்டும்.

படி 3: கடிகாரத்தைச் சரிபார்த்தல்

புதியவர்கள் எழுதும் நிரல்களில் நான் முதலில் தேடும் பிழை இதுதான். எம்சிஎக்ஸில் வெள்ளி வர்த்தகம் இரவு 11.30க்கும், அமெரிக்காவின் குளிர்கால நேரம் நடப்பிலிருக்கும் மாதங்களில் 11.55க்கும் முடிகிறது. நியூயார்க் சந்தையின் நாள் அங்கே மாலை 5 மணிக்கு முடியும்போது நமக்கு மறுநாள் அதிகாலை 2.30 மணி, குளிர்காலமானால் 3.30. இரண்டு தொடர்களையும் தேதியை மட்டும் பார்த்து இணைத்தால், திங்கள் இரவு முடிவெடுக்கும் மாதிரிக்குச் செவ்வாய் அதிகாலை விலையை முன்கூட்டியே காட்டிவிடுகிறீர்கள். சோதனையில் அது அற்புதமாகக் கணிக்கும். உண்மையான வர்த்தகத்தில் ஒன்றுக்கும் உதவாது. நியூயார்க் தொடரைப் பாண்டாஸின் ஷிஃப்ட் கட்டளையால் ஒரு நாள் பின்னுக்குத் தள்ளிவிடுவதே பாதுகாப்பான வழி.

அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி முடிவும் இப்படித்தான். அங்கே பிற்பகல் 2 மணிக்கு வரும் அறிவிப்பு நமக்கு இரவு 11.30 அல்லது 12.30. எனவே அதன் தாக்கம் மறுநாள் காலை விலை திறக்கும்போதுதான் தெரியும். அறிவிப்பு நாள் என்ற அடையாளத்தை (மாதிரி பார்த்துக் கணிக்கும் தகவல்களில் ஒன்று) தரவு அட்டவணையில் மறுநாளின் வரிசையில் இட வேண்டும். அமெரிக்கப் பணவீக்கப் புள்ளிவிவரமோ நம் நேரப்படி மாலை 6 அல்லது 7 மணிக்கு, சந்தை நடந்துகொண்டிருக்கும்போதே வருவதால், அதற்குரிய அடையாளம் அதே நாளுக்கு உரியது. இரண்டின் தேதிகளும் முன்னதாகவே அறிவிக்கப்படுவதால், நாளைய நாளுக்கான அடையாளத்தை இன்றே பயன்படுத்துவதில் தவறில்லை.

படி 4: கேள்வியையும் அடையாளங்களையும் அமைத்தல்

நாளைய மாற்றத்தின் கூட்டல்-கழித்தல் குறியை நீக்கி அளவை மட்டும் எடுங்கள். அது கடந்த 60 வர்த்தக நாள்களின் இடைநிலை அளவைவிடப் (அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) பெரிதாக இருந்தால் 1, இல்லையென்றால் 0. இடைநிலையோடு ஒப்பிடுவதால் ஏறக்குறைய பாதி நாள்கள் 1 ஆக அமையும். முடிவுகளைப் படிப்பது எளிதாகும்.

மாதிரிக்குக் கொடுக்கும் அடையாளங்கள் குறைவாக இருக்கட்டும்: இன்றைய அசைவின் அளவு, கடந்த 5 நாள், 20 நாள் சராசரி அளவு, இன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி, ரூபாயின் அசைவு, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள விலை விகிதம், நாளை அறிவிப்பு நாளா என்பது. உச்ச-தாழ்வு இடைவெளியைத் தவறவிடாதீர்கள். பகல் முழுவதும் ஆடிவிட்டுத் தொடங்கிய இடத்திலேயே முடிந்த நாளை முடிவு விலை மட்டும் காட்டாது.

படி 5: காலவரிசையில் பிரித்தல்

பாடப் பயிற்சிகளில் தரவைக் குலுக்கிப்போட்டுப் பிரிப்பது வழக்கம். இங்கே அது கூடாது. குலுக்கினால் 2023ஐப் படித்துவிட்டு 2021ஐக் கணிப்பதாக ஆகிவிடும். தரவின் பழைய பகுதியில் பயிற்றுவித்து, அடுத்த பகுதியில் சரிபார்த்து, கடைசி ஓர் ஆண்டைத் தொடாமல் தனிக் கோப்பில் ஒதுக்கிவிடுங்கள். பயிற்சிக்குள் மீண்டும் மீண்டும் பிரிப்பதற்கு சைக்கிட்-லேர்னில் டைம்சீரீஸ்ஸ்பிளிட் என்ற கருவி இருக்கிறது. எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வேலையையும் பயிற்சிப் பகுதியின் சராசரியை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும்.

படி 6: மாதிரிகளை ஒப்பிடுதல்

முதலில் மாதிரியே இல்லாமல் ஒரு விதியைச் சோதியுங்கள்: இன்று அசைவு பெரிதென்றால் நாளையும் பெரிது. இதன் துல்லியத்தை, அதாவது நூற்றுக்கு எத்தனை நாள் சரியாகச் சொன்னது என்பதை, குறித்துக்கொண்டு, அடுத்து ஆம்-இல்லை விடைக்கான வாய்ப்பைக் கணக்கிடும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன், அதன் பின் 2001இல் லியோ பிரைமன் அறிமுகப்படுத்திய, கேள்விகளாகக் கிளைக்கும் பல மரங்களின் வாக்குகளைச் சேர்த்து விடை சொல்லும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற வரிசையில் செல்லுங்கள். ரேண்டம் ஃபாரஸ்டில் மரங்களின் ஆழத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால், பழைய நாள்களை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். அந்த எளிய விதியைத் தெளிவாக முந்தாத மாதிரியை, அது எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும், நான் வைத்துக்கொள்ள மாட்டேன். துல்லியம் எண்பது, தொண்ணூறு விழுக்காடு என்று வந்தால் மகிழ வேண்டாம். மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் எதிர்காலம் எங்கே கசிகிறது என்று தேடுங்கள். பயிற்சிப் பகுதியின் விடைகளை மட்டும் குலுக்கி, மாதிரியை மறுபடி பயிற்றுவித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. அப்போது துல்லியம் ஏறக்குறைய ஐம்பது விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும்.

தரவு அகழ்வின், அதாவது பழைய தரவைத் தோண்டி விதிகளைத் தேடுவதன், பெரிய ஆபத்தும் இந்தப் படியில்தான் இருக்கிறது. எந்தப் பயனும் இல்லாத நூறு விதிகளை ஐந்து விழுக்காட்டு அளவுகோலில் (பயனற்ற விதியும் தேறிவிட நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு உள்ள அளவுகோல்) சோதித்தால், அவற்றில் ஏறக்குறைய ஐந்து வெறும் தற்செயலாகவே வெற்றி பெற்றவை போலத் தோன்றும். சோதித்த ஒவ்வொரு விதியையும், தோற்றவை உட்பட, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒதுக்கிவைத்த கடைசி ஆண்டை ஒரே ஒரு முறை மட்டும் திறக்கலாம். பார்த்துவிட்டு மாதிரியைத் திருத்தினால், அதன் பிறகு அந்த ஆண்டு சோதனைத் தரவாக இருக்கும் தகுதியை இழந்துவிடும்.

படி 7: கணிப்பைப் பயன்படுத்துதல்

ஒரு நாளில் 5,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்பது உங்கள் வரம்பு என்று கொள்வோம். கிலோ 90,000 ரூபாயாக இருந்து, மாதிரி பெரிய நாள் என்று சொல்லி, அத்தகைய நாள்களின் வழக்கமான அசைவு 2 விழுக்காடாகவும் இருந்தால், ஒரு மைக்ரோ ஒப்பந்தத்துக்கு 1,800 ரூபாய். ஆகவே இரண்டு ஒப்பந்தங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது. அமைதியான நாளின் அசைவு 0.8 விழுக்காடு என்றால் 720 ரூபாய். ஆறு வரை இடமுண்டு. வழக்கமான அசைவு உச்சவரம்பு ஆகாது என்பதால், இந்த எண்ணிக்கையிலும் பாதியோடு தொடங்குவதே என் பரிந்துரை. ஊகத்துக்கே போகாத பட்டறைக்காரர், பெரிய நாள் வரும் என்று தெரிந்தால் ஆர்டர் பிடித்த அன்றே வெள்ளியை வாங்கிவிடலாம்.

செலவுகளையும் கழித்துப் பாருங்கள். விற்பவர் செலுத்தும் சரக்குப் பரிவர்த்தனை வரி 0.01 விழுக்காடு, அதாவது மேற்சொன்ன விலையில் கிலோவுக்கு 9 ரூபாய். தரகும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் இதற்கு மேல். பங்கு, சரக்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, பங்குச் சந்தையின் முன்பேர, ஆப்ஷன் வர்த்தகத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் ஈட்டிய லாபத்தில் 97 விழுக்காடு கணினி நிரல்வழி வர்த்தகத்திலிருந்து வந்தது. எதிரில் இருப்பது யார் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

பணம் போடுவதற்கு முன் சில மாதங்களாவது, சந்தை முடிவதற்குள் மறுநாள் கணிப்பைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதிவைத்து, அடுத்த இரவு உண்மையான அசைவை அதன் பக்கத்தில் குறியுங்கள். அந்தத் துல்லியம் ஆறாம் படியில் கிடைத்ததைவிடக் கணிசமாகக் குறைந்தால், ஆர்டரை நிரல் தானாகவே அனுப்பும் ஏற்பாட்டை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். தானியங்கி ஆர்டர்களுக்குத் தரகர் வழியாகச் செபியின் தனி விதிகளும் பொருந்தும்.