ஆஸ்பத்திரியை எண்களால் அளக்கும்போது விடுகிற தவறுகள்

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் ஆட்கள் கூடச் சாகிறார்கள், முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் குறைவாகச் சாகிறார்கள், ஆகவே மாஞ்சோலைதான் திறம் என்று எவராவது சொன்னால் வன்னியில் சிரிப்பார்கள். அதே நியாயம் வீதமாகவும் வரைபடமாகவும் அச்சடித்து வந்தால் ஒருவரும் சிரிப்பதில்லை. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் தலையாட்டுகிறோம், வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கத்துக்கு எழுதும் கடிதத்தில் அதையே ஆதாரமாகப் போடுகிறோம். எண்கள் பெரும்பாலும் பொய்யல்ல. எண்ணப்படாமல் போனது எங்கே போனது என்று கேட்காததால்தான் பிழை வருகிறது. வன்னியில் அது இரண்டு இடங்களுக்குப் போகும்: ஒன்று, வேறொரு ஆஸ்பத்திரியின் கணக்குக்கு. மற்றது, நோயாளியின் வீட்டுக்கு.

அனுப்பிவைத்த சாவு

வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும். கைமீறிய நோயாளியை மேலே அனுப்புவார்கள். வடக்கிலுள்ள ஒரே போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில். வவுனியாவிலிருந்து அனுராதபுரத்துக்கும் போவார்கள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கும் மேல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆஸ்பத்திரியில் 1,000 பேர் அனுமதிக்கப்படுகிறார்கள். 10 பேர் அங்கேயே இறக்கிறார்கள். 60 பேரை மேலே அனுப்புகிறார்கள், அவர்களில் 12 பேர் போன இடத்தில் இறக்கிறார்கள். அறிக்கையில் இறப்பு வீதம் நூற்றுக்கு 1. அந்த 1,000 பேருக்கும் உண்மையில் நடந்தது 2.2. மிச்ச 12 சாவும் யாழ்ப்பாணத்தின் தலையில் விழும். அனுப்பியது பிழை என்று இதற்குப் பொருளில்லை, அனுப்பாமல் வைத்திருந்தால் இன்னும் சிலர் இறந்திருக்கலாம். அனுப்பியதால் குறைந்த வீதத்தை வைத்துத் திறமையை அளப்பதுதான் பிழை.

சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்கு ஒவ்வொரு வைத்தியசாலையும் உள்நோயாளர் அறிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்புகிறது. அது ஆளை எண்ணுவதில்லை, அனுமதியைத்தான் எண்ணுகிறது. மல்லாவி ஆஸ்பத்திரியில் அனுமதியாகி, மாஞ்சோலைக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து யாழ்ப்பாணம் போன ஒருவர் மூன்று நோயாளிகளாகப் பதிவாகிவிடுவார். இதை மறந்து மாவட்டத்தில் இன்ன நோய் இத்தனை பேருக்கு என்று செய்தி எழுதுகிறவர்கள் அதிகம்.

இன்னொரு வழியும் உண்டு. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எங்கள் ஆட்கள் கையெழுத்து வைத்து நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். உயிர் போறது வீட்டில போகட்டும் என்பது நியாயமான விருப்பம்தான். ஆனால் டிக்கெட்டில், அதாவது விடுதியில் நோயாளியின் சிகிச்சையை எழுதிவைக்கும் பதிவில், அவர் உயிரோடு வெளியேறியவர்.

ஆகவே முதலில் வந்த நாளிலிருந்து 30 நாளில் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கவேண்டும், எந்த ஆஸ்பத்திரியில், எந்த வீட்டில் என்றாலும் சரி. கொழும்பில் இதைச் செய்வது பெரும்பாடு. வன்னியில் அவ்வளவு கஷ்டமில்லை: எந்த வீட்டில் யார் படுக்கையில் என்பது கிராம அலுவலருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

வருகிறவர்களின் நோய்க் கடுமையைப் பார்க்காமல் விடுவதும் இதே தவறின் தம்பி. வயல்வேலைக் காலத்துப் பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். சிறிய ஆஸ்பத்திரிக்கு 100 பேர் வருகிறார்கள். 80 பேருக்கு விஷம் ஏறவில்லை, எல்லோரும் பிழைக்கிறார்கள். விஷம் ஏறிய 20 பேரில் 2 பேர் இறக்கிறார்கள். மொத்த வீதம் 2. பெரிய ஆஸ்பத்திரிக்கும் 100 பேர், ஆனால் 80 பேருக்குப் புடையன் கடித்து விஷம் ஏறியிருக்கிறது, அவர்களில் 4 பேர் இறக்கிறார்கள். மொத்த வீதம் 4. மேலோட்டமாகப் பார்த்தால் சிறியதுதான் நல்லது. விஷம் ஏறியவர்களை மட்டும் எடுத்தால் சிறியதில் நூற்றுக்கு 10, பெரியதில் 5. தரவரிசை தலைகீழ்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1989இலிருந்து இதய பைபாஸ் சத்திரசிகிச்சை இறப்புகளைத் திரட்டி, நோய்க் கடுமைக்கு ஏற்பத் திருத்தி, ஆஸ்பத்திரி வாரியாகவும் பிறகு சத்திரசிகிச்சை நிபுணர் வாரியாகவும் வெளியிட்டது. இறப்புகள் குறைந்தன. ஆனால் ஆபத்தான நோயாளிகளைச் சில வைத்தியர்கள் தட்டிக்கழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்தது. அவ்வளவு கவனமாகச் செய்த இடத்திலேயே அப்படியென்றால், திருத்தமே செய்யாத வீதத்தை வைத்து ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் புள்ளி போட்டால் அம்புலன்ஸ் இன்னும் கூடத்தான் ஓடும்.

எதால் வகுக்கிறோம்

ஒரு எண்ணை எதால் வகுப்பது என்பதில், தாதியியலின் முன்னோடி புளோரன்ஸ் நைட்டிங்கேலே மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிகள் பற்றிய தன் நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில், லண்டனிலுள்ள 24 ஆஸ்பத்திரிகளின் இறப்பு வீதம் நூற்றுக்கு 90.84 என்று அட்டவணை போட்டார். கணக்கு வில்லியம் ஃபார் என்ற புகழ்பெற்ற புள்ளிவிபரவியலாளருடையது. 1861ஆம் ஆண்டு முழுவதும் இறந்தவர்களின் தொகையை, அந்த வருட ஏப்ரலில் ஒரே ஒரு நாள் கட்டிலில் இருந்தவர்களின் தொகையால் வகுத்திருந்தார்கள். வருடம் முழுவதும் வந்துபோனவர்களால் வகுத்திருக்கவேண்டும். அக்கால வைத்தியர்களே எழுந்து ஆட்சேபித்தார்கள்.

எங்கள் ஊர்ப் பதிப்பு கிளினிக் கணக்கு. நீரிழிவு கிளினிக்கில் 1,200 பேர் சிகிச்சை பெற்றனர் என்று ஒரு விளம்பரப் பலகை சொல்லும். மாதம் தவறாமல் வரும் 100 பேர் என்றாலும் வருடத்தில் 1,200தான் வரும். வருகையையும் ஆளையும் பிரித்து எழுதாத அறிக்கையை வாசிக்காமலே திருப்பிக் கொடுக்கலாம்.

பூச்சியத்தைக் கண்டு மயங்குவது

முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் சுமார் 92,000. அப்படியொரு மாவட்டத்தில் வருடத்துக்கு 1,500 பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஏறக்குறைய 30 தாய்மார் இறக்கிறார்கள். இந்த வருடம் மாவட்டத்தில் ஒருவரும் இறக்கவில்லை என்றால் வீதம் பூச்சியம், பாராட்டு விழா. அடுத்த வருடம் ஒரு தாய் இறந்தால் வீதம் 67, நாட்டுச் சராசரியின் இரட்டிப்பு, விசாரணை. இரண்டு வருடத்துக்கும் இடையில் ஆஸ்பத்திரியில் ஒரு துரும்பும் மாறியிருக்காது.

புள்ளிவிபரவியலில் இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. ஒன்றுமே நடக்காத இடத்தில், 3ஐ மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் உண்மையான வீதம் எதுவரை இருக்கக்கூடும் என்று தெரியும். 3ஐ 1,500ஆல் வகுத்தால் 500இல் ஒன்று, அதாவது இலட்சத்துக்கு 200. பூச்சிய இறப்பைக் காட்டும் ஒரு வருடம் அவ்வளவு மோசமான சேவையைக்கூட மறைத்துவிட முடியும்.

சின்ன இடங்களில் வீதத்தைக் கட்டிப்பிடிப்பதைவிட வேலை நடந்த விதத்தைப் பார்ப்பது பயன். மாரடைப்போடு வந்தவருக்கு 10 நிமிடத்தில் ஈசிஜி எடுத்தார்களா? இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி 30 நிமிடத்தில் போட்டார்களா? சிசேரியனுக்கு வெட்டுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றினார்களா? டிக்கெட்டில் நேரம் எழுதியிருந்தால் 50 டிக்கெட்டைப் புரட்டினாலே ஒரு படம் கிடைக்கும். எழுதியிராவிட்டால் அதுவும் ஒரு விடைதான். தாய்மரணத்தில் நாடு செய்வதும் இதே வகை: வீதத்தோடு நில்லாமல் ஒவ்வொரு மரணத்தையும் தனியாக எடுத்து, எங்கே தாமதம் என்று ஆராய்கிறார்கள்.

கட்டில் கணக்கு

சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார்கள் என்ற எண்ணைப் பார்த்து, குறைந்தால் திறமை என்பார்கள். மாரி மழையில் குறுக்கே தண்ணீர் ஓடும் பாதை, இருட்டினால் யானை நிற்கும் பாதை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வரும் கர்ப்பிணியைத் திகதிக்கு முன்னரே விடுதியில் வைத்திருப்பது நல்ல வைத்தியம். அது சராசரியைக் கூட்டும். கூட்டட்டும்.

இலவசத்தின் விலை

தரத்தைவிட மோசமாக அளக்கப்படுவது செலவு. அரச ஆஸ்பத்திரிகளில் 1951இல் கட்டணத்தை நீக்கியதிலிருந்து இலவசம் என்ற சொல் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியின் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்து ஒரு நோயாளிக்கு ஒரு நாள் செலவு இவ்வளவு என்று சொல்பவர்கள் முதலில் தவறவிடுவது மருந்தை. மருந்தில் பெரும்பகுதி கொழும்பிலிருந்து, பிராந்திய மருந்துக் களஞ்சியம் ஊடாகப் பெட்டியாக வருகிறது. அங்கு கையில் காசு மாறுவதில்லை. புடையன் கடித்தவருக்கு முதற் சுற்றிலேயே 20 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றவேண்டி வரலாம், அதுவும் இந்தியாவிலிருந்து இறக்கியது. அதைக் கணக்கில் சேர்க்காதவர், பாம்புக்கடியும் காய்ச்சலும் ஒரே செலவு என்று முடிவெடுப்பார். அன்பளிப்பாக வந்த கருவியும் அப்படித்தான். ஸ்கானரைச் சுவிஸ்காரர் தந்தார் என்று பூச்சியம் போடுவார்கள், ஆனால் அது தேயும், பழுதாகும், ஒருநாள் புதிதாக வாங்கவேண்டியும் வரும். இரத்தப் பரிசோதனைக் கருவியென்றால் அதற்கேற்ற இரசாயனமும் காலமெல்லாம் வேண்டும்.

அடுத்தது, சராசரிச் செலவைச் சேமிப்பு என்று நினைப்பது. கட்டில்நாள் ஒன்றுக்குச் சராசரி இவ்வளவு, ஆகவே ஒவ்வொருவரையும் ஒரு நாள் முந்தி அனுப்பினால் அவ்வளவு மிஞ்சும் என்பார்கள். மிஞ்சாது. செலவில் பெரும்பங்கு சம்பளம், கட்டில் வெறுமையாக இருந்தாலும் அது போகும். நோயாளியின் கடைசி நாள்தான் ஆகக் குறைந்த செலவுள்ள நாள்: இரண்டு மாத்திரை, மூன்று நேரச் சாப்பாடு. இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியொன்றில் கட்டில்கள் பாதி காலியாக இருந்தால் தலைக்குச் செலவு வானத்தைத் தொடும். மூடினால் மிச்சம் என்று அறிக்கை சொல்லும். மூடினால் அந்தச் செலவு ஓட்டோக் கூலியாக ஊர்ச்சனத்தின் மடிக்குப் போகும்.

இதுதான் நான் அதிகம் கோபப்படுகிற இடம். 2022 நெருக்கடியின்போது மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, துண்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொன்னது நாடு முழுக்க நடந்தது. அந்தக் காலத்தின் ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் பார்த்தால் மருந்துச் செலவு குறைந்திருக்கும், தலைக்குச் செலவு குறைந்திருக்கும், வினைத்திறன் கூடியதுபோல் தெரியும். செலவு குறையவில்லை, வேறு ஆளின் பையிலிருந்து போனது.

சிறுநீரக நோயாளியின் கணக்கைப் பாருங்கள். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பல வருடமாக உழவர் குடும்பங்களை அரிக்கிறது. குருதிச் சுத்திகரிப்பு கிழமைக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் சுமார் நான்கு மணித்தியாலம். போகவர ஒரு பகல் முடிந்துவிடும். வருடத்துக்கு 104 நாள். தனியே போகமுடியாது, மகனோ மனைவியோ கூடப் போகவேண்டும், ஆகவே 208 ஆள்நாள். நெடுங்கேணிப் பக்கமிருந்து வருகிறவருக்குப் பஸ் காசு, சாப்பாடு வேறு. ஆஸ்பத்திரிப் பதிவில் இந்த 208 நாளுக்கு ஒரு நிரல்கூட இல்லை. செலவைப் பற்றி எழுதுகிற எவரும் ஆஸ்பத்திரி செலவழித்தது, வீடு செலவழித்தது, வீடு இழந்த கூலி என்று மூன்று நிரல் போட்டுத்தான் தொடங்கவேண்டும். அதோடு, சராசரி மட்டும் போடக்கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 40 நாள் கிடந்த ஒருவர் முழு விடுதியின் சராசரியையும் இழுத்துவிடுவார். எல்லோரையும் செலவு வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் ஆளின் தொகையையும் போடுங்கள்.

கட்டடம், கருவி

அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் 1966இல் தரத்தை மூன்றாகப் பிரித்தார்: என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், என்ன நடந்தது. நாங்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறோம், நாடா வெட்டப் படம் எடுக்க வசதி என்பதால். மயக்கமருந்து நிபுணர் இல்லாத சத்திரசிகிச்சைக் கூடத்தின் சதுர அடியை அளந்து என்ன பயன்?

“நல்லாப் பார்த்தினம்”

கடைசியாக, திருப்திக் கருத்துக்கணிப்பு. வீட்டுக்குப் போகும் நாளில், டயக்னோசிஸ் காட் (வீட்டுக்கு விடும்போது நோயையும் மருந்தையும் எழுதித் தரும் அட்டை) கைக்கு வரமுன்னர், விடுதியில் வேலை செய்பவரே வந்து “எப்பிடியம்மா கவனிச்சவை?” என்று கேட்டால் ஒரு வன்னித் தாய் என்ன சொல்வார்? நல்லாப் பார்த்தினம் பிள்ளை. அடுத்தமுறை வரும்போது ஏச்சு விழாமல் இருக்கவேண்டுமே. உண்மையான நன்றியும் அதற்குள் கலந்திருக்கும், இரண்டையும் பிரிக்க வழியில்லை. நூற்றுக்கு 95 பேர் திருப்தி என்று வரும் எண்ணை நான் மதிப்பதே இல்லை.

அபிப்பிராயம் கேட்காமல் நடந்ததைக் கேட்கவேண்டும். ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) எத்தனை மணிக்குத் துண்டு எடுத்தீர்கள், வைத்தியரை எத்தனை மணிக்குக் கண்டீர்கள்? எந்தக் குளிசை எதற்கு என்று யாராவது உங்கள் மொழியில் சொன்னார்களா? வவுனியா, மன்னார் போன்ற இடங்களில் இந்தக் கேள்வி மிக முக்கியம், டிக்கெட் ஆங்கிலத்தில், வைத்தியர் சிங்களத்தில், நோயாளி தமிழில் என்று மூன்றும் ஒரே கட்டிலில் சந்திக்கும். எந்த மருந்து, எந்தப் பரிசோதனை வெளியில் செய்தீர்கள்? கேட்பவர் அந்த ஆஸ்பத்திரி ஆளாக இருக்கக்கூடாது. வீடு போய் இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் கேட்டால் போதும். மருந்துப் பையை எடுத்து வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள், பாமசிப் பற்றுச்சீட்டு அதற்குள்தான் கிடக்கும், தொகையை அப்படியே வாசிப்பார்கள்.