அண்டார்டிகா பாடம்: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்டார்டிகா என்றதும் பெரும்பாலான வகுப்புகளில் ஒரே பட்டியல்தான் கரும்பலகையில் ஏறுகிறது: மிகக் குளிரான கண்டம், மிக வறண்ட கண்டம், காற்று மிகக் கடுமையாக வீசும் கண்டம், சராசரி உயரம் மிகுந்த கண்டம். நான்கும் உண்மை. மாணவர்கள் நான்கையும் ஒப்பிப்பார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் "வட துருவத்தைவிடத் தென் துருவம் ஏன் இவ்வளவு குளிர்கிறது?" என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. காரணத்தைச் சொல்லாமல் 'மிக'களை மட்டும் சொல்லிவிட்டுப் போவதுதான் இந்தப் பாடத்தின் தலையாய தவறு.

உண்மையில் அந்த நான்கும் ஒரே கதை. வட துருவம் என்பது நிலங்கள் சூழ்ந்த ஒரு கடல். அங்கே சில மீட்டர் தடிமனில் பனிக்கட்டி மிதக்கிறது. அதன் அடியில் 4,000 மீட்டருக்கு மேல் ஆழமான நீர். உறைநிலையை ஒட்டியிருக்கும் அந்த நீர்கூட மேலே உள்ள காற்றோடு ஒப்பிட்டால் வெதுவெதுப்பானதுதான். தென் துருவமோ கடல் சூழ்ந்த நிலம். கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரம்; அதில் ஏறக்குறைய 2,700 மீட்டர் பனிக்கட்டி மட்டுமே. உயரம் கூடினால் குளிர் கூடும். குளிர் கூடினால் காற்றில் ஈரம் தங்காது. அதனால் கண்டத்தின் உட்பகுதியில் ஆண்டுக்கு 50 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான பனிகூட விழுவதில்லை, பாலைவனக் கணக்குதான். குளிர்ந்த காற்று கனமானது. உயரமான நடுப்பகுதியிலிருந்து அது சரிவில் இறங்கிக் கரையை நோக்கிப் பாய்கிறது, கடும் காற்று வந்துவிடுகிறது. உயரம், குளிர், வறட்சி, காற்று என்ற இந்த வரிசையை ஒருமுறை படம் போட்டுக் காட்டிவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. 1983 ஜூலை 21 அன்று அண்டார்டிகாவின் உட்பகுதியில் உள்ள வோஸ்டோக் ஆய்வு நிலையத்தில் பதிவான கடுங்குளிரை, மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸை, அதன் பிறகு சொல்லுங்கள். அந்த நிலையம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னால், மீதியை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் முன்பாகவே வரைபடம் காலை வாரிவிடுகிறது. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அண்டார்டிகா, அடிப்பக்கம் நெடுக ஓடும் வெள்ளைப் பட்டையாகத் தெரிகிறது. உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது துருவத்தை ஒட்டிய பகுதிகள் அகலவாக்கில் இழுபட்டுப் போவதால் வரும் கோளாறு அது. சரி, உலக உருண்டையை எடுப்போம் என்றால், பல உருண்டைகளில் தாங்கியின் திருகு சரியாகத் தென் துருவத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது! துருவத்தை நடுவில் வைத்து வரைந்த படம் ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் பார்த்தால்தான் அண்டார்டிகா ஏறத்தாழ வட்ட வடிவம், தென் அமெரிக்காவை நோக்கி ஒரு வால் நீண்டிருக்கிறது, 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆஸ்திரேலியாவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதெல்லாம் கண்ணில் படும். "ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு" என்பதையும் அதே படத்தில் திருத்திவிடலாம். அது துருவப் புள்ளிக்கு மட்டுமே பொருந்தும்; அண்டார்டிக் வட்டத்தின் விளிம்பில் நிற்பவருக்குச் சூரியன் மறையாத நாள் ஆண்டுக்கு ஒன்றுதான்.

பனிக்கட்டி எல்லாம் ஒன்றே என்று நடத்துவது அடுத்த தவறு. நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் குவிந்திருக்கும் பனிக்கட்டி வேறு, அதிலிருந்து வழிந்து கரையோடு ஒட்டியபடியே கடலில் மிதக்கும் பலகை வேறு, குளிர்காலத்தில் கடல்நீரே உறைவது வேறு. வகுப்பில் இரண்டு கண்ணாடிக் குவளைகள் போதும். ஒன்றில் நீர் ஊற்றிப் பனிக்கட்டித் துண்டுகளை மிதக்கவிட்டு நீர்மட்டத்தைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். இன்னொன்றில் நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டும் ஒரு கல்லை வைத்து, அதன் உச்சியில் துண்டுகளை வைத்துக் கோடிடுங்கள். உருகிய பிறகு முதல் குவளையில் மட்டம் கோட்டிலேயே நிற்கும், இரண்டாவதில் ஏறியிருக்கும். அண்டார்டிகாவின் நிலப் பனிக்கட்டி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 58 மீட்டர் அளவுக்கு உயரும் என்ற கணக்கு அப்போது புரியும். அது நாளைக்கோ அடுத்த ஆண்டோ நடப்பதல்ல என்பதையும் உடனே சொல்ல வேண்டும், பயமுறுத்துவது பாடமாகாது.

ஆனால் சோதனையை அங்கேயே நிறுத்தினால், "மிதப்பது உருகினால் கவலையில்லை" என்ற அரைகுறை முடிவோடு மாணவர் வீடு திரும்புவார். 2002-ஆம் ஆண்டில் லார்சன் பி என்ற மிதக்கும் பனிப்பலகை சில வாரங்களில் சுக்குநூறாக உடைந்தது. இழந்த பரப்பு சுமார் 3,250 சதுர கிலோமீட்டர். அது உடைந்ததால் நேரடியாகக் கடல்மட்டம் உயரவில்லை. ஆனால் அதன் பின்னால் நிலத்தில் இருந்த பனியாறுகள், தடுத்து நிறுத்த ஆளில்லாமல், முன்னைவிட வேகமாகக் கடலுக்குள் இறங்கத் தொடங்கின. சோதனையின் பாதி குவளையில் இருக்கிறது, மறு பாதி இந்தச் சம்பவத்தில்.

உயிரினங்களுக்கு வந்தால், பென்குயினையும் பனிக்கரடியையும் ஒரே படத்தில் நிற்கவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பனிக்கரடி வடக்கே மட்டும். தெற்கே ஒன்றுகூட இல்லை. பென்குயின் என்றாலே பனி என்பதும் சரியல்ல. கலாபகோஸ் பென்குயின் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறது. "அண்டார்டிகாவின் மிகப் பெரிய நில விலங்கு எது?" என்று கேட்டுப் பாருங்கள், சீல் என்றும் பென்குயின் என்றும் பதில் வரும். இரண்டுமே கடலை நம்பிப் பிழைப்பவை. வாழ்நாள் முழுவதும் நிலத்திலேயே கழிப்பவற்றில் பெரியது, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, இறக்கையில்லாத ஒரு சிறு பூச்சி. கூனிறாலைப் போன்ற கிரில் இல்லாத உணவுச் சங்கிலிப் படமும் வீண்தான்: நீலத் திமிங்கலமும் அடேலி பென்குயினும் உயிர் பிழைப்பது அந்த விரலளவு உயிரினத்தால்.

எம்பரர் பென்குயினின் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். தாய் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறது. தந்தை இரண்டு மாதத்துக்கு மேல் உண்ணாமல் முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து அடைகாக்கிறது. தந்தையின் தியாகம் என்று முடித்துவிடுகிறோம். ஏன் போயும் போயும் கடுங்குளிர்காலத்தில் முட்டையிட வேண்டும்? இந்தக் கேள்வி ஒரு பாடவேளைக்கு ஈடு. பெரும்பாலான கூட்டங்கள் குஞ்சு பொரிப்பது கரையோடு உறைந்து நிற்கும் கடல்பனியின் மேல். கோடையில் அந்தப் பனி உடைந்து விலகுவதற்குள் குஞ்சுக்கு நீர் புகாத இறகு முளைத்திருக்க வேண்டும், அப்போதுதான் கடலில் இரை மலிந்திருக்கும் காலமும். கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் முட்டை மே, ஜூனில் வந்தாக வேண்டும். பனி சீக்கிரம் உடைந்துவிட்டால் குஞ்சுகளின் கதி என்ன என்பதை மாணவர்களே யோசிக்கட்டும்.

வரலாறு என்றால் தென் துருவத்தை யார் முதலில் அடைவது என்ற பந்தயக் கதையோடு சரி: 1911 டிசம்பர் 14-இல் அங்கே போய்ச் சேர்ந்து நார்வேயின் அமுண்ட்சென் வென்றார், 1912 ஜனவரி 17-இல் போய்ச் சேர்ந்த பிரிட்டனின் ஸ்காட் தோற்றார், திரும்பும் வழியில் ஸ்காட் குழுவின் ஐவரும் இறந்தனர். அதே நாட்களில் ஷிராசே நோபு தலைமையில் ஜப்பானியக் குழுவும் அங்கே இருந்தது, பலருக்குத் தெரியாது. அதற்கு 90 ஆண்டுகள் முன்பே தோலுக்காகச் சீல்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றவர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் பாடத்தில் இல்லை. பின்னர் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட ஷாக்கில்டன், கப்பல் பனியில் சிக்கி நொறுங்கியும் தன் ஆட்கள் அனைவரையும் காப்பாற்றினார் என்பதும் பாதி உண்மை. எண்டூரன்ஸ் கப்பலில் போன 28 பேரும் பிழைத்தனர்; கண்டத்தின் மறுபக்கம் அவருக்காக உணவுக் கிடங்குகள் அமைத்த குழுவில் மூவர் இறந்தனர்.

ஸ்காட்டின் கதையில் வழக்கமாக விட்டுப்போகும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உடல்கள் கிடைத்தபோது கூடாரத்தருகே அவர்கள் இழுத்துவந்த பனிச்சறுக்கு வண்டியில் சுமார் 16 கிலோ கற்கள் இருந்தன. சாகும் நிலையிலும் அவற்றை எறிந்துவிடவில்லை. அக்கற்களில் குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன தாவரத்தின் இலைப்படிவங்கள் இருந்தன. அதே தாவரத்தின் படிவங்கள் இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கின்றன. இந்த நிலங்கள் ஒரு காலத்தில் கோண்ட்வானாவாக ஒன்றாய் இருந்ததற்குக் கிடைத்த சாட்சிகளில் அதுவும் ஒன்று. வரலாற்றை ஒரு வாரம், புவியியலை ஒரு வாரம், உயிரினங்களை ஒரு வாரம் என்று கூறுபோடுகிறவர்கள் இந்தக் கற்களை எந்த வாரத்தில் வைப்பார்கள்?

கடைசியாக, "அண்டார்டிகா யாருக்கும் சொந்தமில்லை" என்ற வரி. 7 நாடுகள் அங்கே நிலத்துக்கு உரிமை கோரியுள்ளன. சில கோரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. 1959 டிசம்பர் 1-இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக் ஒப்பந்தம் அவற்றை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, இருந்தபடியே நிறுத்திவைத்தது. அந்த ஒப்பந்தத்தோடு சேர்க்கப்பட்ட 1991-இன் சுற்றுச்சூழல் நெறிமுறை சுரங்கம் தோண்டுவதைத் தடை செய்தது. அந்தத் தடை 2048-இல் காலாவதியாகிவிடும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், நம்பிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு மறுஆய்வு மாநாடு வேண்டும் என்று ஆலோசனை உரிமை பெற்ற நாடுகளில் (ஒப்பந்தக் கூட்டங்களில் முடிவெடுக்கும் உரிமை உள்ளவை) ஏதேனும் ஒன்று கோரலாம் என்பதுதான் விதி. அப்போதும்கூட, கனிமப் பணிகளைக் கட்டுப்படுத்தும் சட்ட ஏற்பாடு ஒன்று நடைமுறைக்கு வராமல் தடையை நீக்க முடியாது.