முன்பல் இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஈறு இயல்பாக அமைய

முன்பல் ஒன்றுக்கு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைக்க வருபவர்கள் பல்லின் நிறத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரிப்பார்கள். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் இருக்கும் என் பல் கிளினிக்கில் நான் முதலில் சிரிக்கச் சொல்லி ஈறைப் பார்ப்பேன். சிரிக்கும்போது ஈறு தெரிகிறதா, அது மெல்லியதா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

பல்லைப் பிடுங்கும் அன்றே வேலை தொடங்கிவிடுகிறது. முன்பல்லின் உதட்டுப் பக்கத்து எலும்பு பெரும்பாலும் 1 மி.மீ. கூட இருக்காது. பல் போனதும் அது கரையும், ஈறும் உள்வாங்கும். அதனால் அந்த எலும்புச் சுவர் உடையாமல் பல்லை எடுக்க வேண்டும். எலும்புத் துகள் நிரப்ப வேண்டியிருக்குமா என்று முன்பே கேளுங்கள். இம்ப்ளான்ட் வைத்தபின் உதட்டுப் பக்கம் 2 மி.மீ. எலும்பாவது மிஞ்ச வேண்டும். பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ. தள்ளியும், வரப்போகும் ஈறு விளிம்பிலிருந்து 3 முதல் 4 மி.மீ. ஆழத்திலும் இம்ப்ளான்ட் உட்கார வேண்டும்.

ஈறுக்கு வடிவம் கொடுப்பது தற்காலிகக் கிரவுன், அதாவது இம்ப்ளான்ட்டின் மேல் மாட்டும் தற்காலிகப் பல். "மகள் கல்யாணம் வருது டாக்டர், நேரா நிரந்தரப் பல்லையே போட்டுடுங்களேன்" என்றார் ஓர் ஆன்ட்டி. நான் சம்மதிக்கவில்லை. (கல்யாணப் படத்துக்குத் தற்காலிகப் பல்லே அழகாக இருக்கும்.) ஈறு ஆறும்வரை இம்ப்ளான்ட்டின் மேல் இருக்கும் மூடியை (ஹீலிங் கேப்) கழற்றினால் ஈறில் வட்டத் துளைதான் இருக்கும், மேல் முன்பல்லின் கழுத்தோ முக்கோணச் சாயல் கொண்டது. ஸ்குரூவில் மாட்டும் தற்காலிகக் கிரவுனில், ஈறுக்குள் புதையும் பகுதியில் காம்போசிட்டை (பல் நிறப் பிசின்) கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சில வார இடைவெளிகளில் ஈறை ஒதுக்குகிறோம். மாட்டியதும் ஈறு வெளுக்கும். 10, 15 நிமிடத்தில் நிறம் திரும்பாவிட்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். கழற்றித் தேய்த்துக் குறைப்பேன். உதட்டுப் பக்கம் புடைப்பு கூடினால் ஈறு மேலேறிவிடும். அங்கே கை அடக்கமாக இருக்க வேண்டும்.

இரு பற்களுக்கு நடுவே ஈறு நிரம்புமா என்பதைப் பக்கத்துப் பல்லின் எலும்புதான் தீர்மானிக்கிறது. பற்கள் தொடும் இடத்திலிருந்து அந்த எலும்புக்கு 5 மி.மீ.க்குள் இருந்தால் அநேகமாக நிரம்பும். 7 மி.மீ. என்றால் கறுப்பு இடைவெளி தெரிய வாய்ப்புண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

வடிவம் வந்தபின் நிரந்தரப் பல்லுக்கு அளவெடுக்கும்போது கவனம் தேவை. தற்காலிகக் கிரவுனைக் கழற்றிய சில நிமிடங்களிலேயே ஈறு சரியத் தொடங்கும். அந்தக் கிரவுனின் அடிப்பகுதியையே நகலெடுத்து லேபுக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். புகைப்பவர்கள் இந்தச் சிகிச்சைக் காலத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) இம்ப்ளான்ட்டின் அறுவை சிகிச்சைப் பகுதிக்கு உதவும். தற்காலிகக் கிரவுனுக்கான கட்டணம் செலவு மதிப்பீட்டில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள்.