கவ்வாத்தும் நான்கில் ஒன்றும்: பரம்பரை பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் லூல்கந்துரவில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலம் தொட்டு, மலையகத்துத் தேயிலைச் செடிகள் கவ்வாத்து வெட்டப்பட்டே இடுப்பளவில் நிற்கின்றன. ஆயினும் அச்செடியின் விதையொன்று கவனிப்பாரற்று முளைத்தால் மரமாகவே உயரும். கத்தி மாற்றியது உடலை, இயல்புகளைப் பிள்ளைக்குக் கடத்தும் பரம்பரையலகை அன்று. உடல் தன் வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைக்கும் போய்ச் சேரும் என்பது, உயர்தர வகுப்பில் நான் அடிக்கடி திருத்த நேரும் தவறு.

நல்ல செடியின் விதை அதே செடியைத் தரும் என்பது இன்னொன்று. நாற்றுமேடையில் பொலித்தீன் பையில் ஊன்றப்படும், ஓர் இலையும் அதன் கக்கத்தில் ஒரு மொட்டும் கொண்ட சிறு துண்டு தாய்ச்செடியின் நேர்ப்பிரதி ஆகையால், இப்படித் துண்டு ஊன்றி வளர்த்த தேயிலைப் பரப்பான வீபி மலை ஒரே சீராகத் துளிர்க்கிறது. விதையிலிருந்து வளர்ந்த பக்கத்துச் சீட்லிங் மலையிலோ ஒரு செடியின் இலை அகன்றிருக்கும், அடுத்ததன் இலை ஒடுங்கியிருக்கும். தேயிலைப் பூ பெரும்பாலும் வேறொரு செடியின் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், ஒவ்வொரு விதையிலும் இரு பெற்றோரின் அலகுகளும் புதிதாகச் சேர்கின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரை விட்டால், மனிதர் எல்லோரும் சீட்லிங் மலைதான்.

மிகக் கேடு விளைவிக்கும் தவறு விகிதத்தைப் பற்றியது. பீற்றா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவிகள் (அந்நோய்க்கான அலகு ஒன்றை மட்டும் சுமப்பவர்கள்) இருவர் மணந்தால் பிள்ளைக்கு அக்கடும் நோய் வரும் நிகழ்தகவு நான்கில் ஒன்று என்றதும், "மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்குப் பயமில்லை" என்று கணக்குப் போடுகிறார்கள். மூத்தவனுக்கு என்ன நேர்ந்தது என்பது அடுத்த முட்டைக்கும் விந்துக்கும் தெரியாது. ஒவ்வொரு கருத்தரிப்பிலும் அதே நான்கில் ஒன்றுதான். பரம்பரை விதிகளைக் கண்டறிந்த மெண்டல் 1866 இல் வெளியிட்ட கட்டுரையில், நான்கில் ஒன்று சுருங்கியிருக்க வேண்டிய பட்டாணிகளில் உருண்டை 5474, சுருங்கியது 1850. ஏழாயிரத்துக்கு மேல் எண்ணியும், ஒன்றுக்கு மூன்றாக வர வேண்டிய விகிதம் 2.96 ஆகத்தான் வந்தது. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது அச்சொட்டாக அமையும் என்று எப்படி நம்புவது? காவிகள் பொதுவாக நோயின்றியே இருப்பதால், திருமணத்துக்கு முன்பே இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ஆட்சியான இயல்பே பெரும்பாலோரிடம் காணப்படும் என்ற மயக்கத்துக்கு அந்தச் சொல்லே பாதிக் காரணம். ஒருவரிடமுள்ள இரு எதிருருக்களில், அதாவது தாயும் தந்தையும் தந்த ஒரே அலகின் இரு வடிவங்களில், எது வெளிப்படும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஊரில் எத்தனை பேரிடம் அது உண்டு என்பது வேறு கணக்கு. ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஆட்சியாகக் கடத்தப்பட்டும் அரிது; ஓ குருதி வகை பின்னிடைவானதாக, அதாவது ஆட்சியான எதிருரு உடனிருந்தால் வெளிப்படாததாக, இருந்தும் இலங்கையில் அதுவே மிகப் பரவலானது. இது விளங்காதவர்களே, தந்தை ஏ, தாய் பீ, பிள்ளை ஓ என்றதும் தாயைச் சந்தேகிக்கிறார்கள். தந்தையும் தாயும் வெளியில் தெரியாத ஓ எதிருரு ஒன்றை வைத்திருந்தால், அவர்களுக்கு ஓ வகைப் பிள்ளை பிறக்கும் நிகழ்தகவும் நான்கில் ஒன்றே.