நெடுஞ்சாலை நில எடுப்பு: 21 நாள் எங்கிருந்து தொடங்குகிறது?

பத்திரிகையில் 3ஏ அறிவிப்பு (நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கப் போவதாகச் சொல்லும் முதல் அறிவிப்பு) வந்தது. எங்கள் உட்பிரிவில் 4.5 ஏர் (ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர்) மட்டும்தான் சாலைக் கோட்டுக்குள் விழுகிறது. ஆனால் பட்டியலில் பழைய சர்வே எண், பழைய உரிமையாளர் பெயர், மொத்தப் பரப்பு 43 ஏர் என்று இருந்தது.

முதலில் கிராம நிர்வாக அலுவலர், பிறகு தாலுகா அலுவலகம், கடைசியில் திங்கட்கிழமை குறைதீர் கூட்ட மனு. மூன்றும் வீண், இந்த எடுப்பில் அவர்களுக்கு அதிகாரமில்லை. ஐந்து நாள் போச்சு.

பலரும் கவனிக்காதது இதுதான்: 1956 தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 3சி பிரிவு ஆட்சேபம் தெரிவிக்கத் தரும் 21 நாள், பத்திரிகைத் தேதியிலிருந்து அல்ல, மத்திய அரசிதழில் வெளியான தேதியிலிருந்து. எங்களுக்கு அரசிதழ் 3-ம் தேதி, பத்திரிகை 14-ம் தேதி. பதினோரு நாள் ஏற்கெனவே கழிந்திருந்தது.

22-ம் தேதி, அறிவிப்பில் குறிப்பிட்ட நில எடுப்பு அலுவலரிடமே ஆட்சேப மனுவை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம். இணைத்தவை: உட்பிரிவுப் பட்டா, புலப்பட (நில அளவை வரைபட) நகல், அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) நகல், கிரயப் பத்திரம். புலப்படத்தில் சாலைக் கோட்டைச் சிவப்பு மையில் வரைந்ததுதான் விசாரணையில் வேலை செய்தது. "விலை போதாது" என்று இந்தக் கட்டத்தில் எழுதிப் பயனில்லை, அது 3ஜி (இழப்பீடு நிர்ணயிக்கும் பிரிவு) சமாச்சாரம். "மீதிப் பரப்பு சாலைக்குத் தேவையில்லை" என்றே எழுத வேண்டும்.

மறு அளவை நடந்தது; 3டி அறிவிப்பில் (நிலத்தை எடுப்பதாக உறுதி செய்யும் அடுத்த அறிவிப்பு) 4.5 ஏர் மட்டும். 3டி வந்துவிட்டால் நிலம் அரசுடையது, பிறகு இழப்பீட்டுக்குத்தான் மல்லுக்கட்ட முடியும். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிப்பே காலாவதி. நீதிமன்றத் தடை இருந்த நாட்களைக் கழித்துக் கணக்கிடுங்கள்.