பூங்காவில் தொலைந்த மோதிரத்தை மெட்டல் டிடெக்டரால் தேடுவதற்கு முன்

யாழ்ப்பாண நகரின் சுப்பிரமணியம் பூங்காவின் புற்றரையில் மோதிரம் தவறிவிட்டால், விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு உறவினரின் மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கித் தேடலாம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் பூங்கா பொதுமக்களுக்குரியது என்பதற்காக, அதன் நிலத்தைக் கிளறும் உரிமையும் நமக்கு உண்டு என்றாகிவிடாது.

முதலில், பூங்காவை நிர்வகிக்கும் மாநகர சபையிடம், வேறிடமாயின் உரிய நகர சபையிடமோ பிரதேச சபையிடமோ, எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். தொலைந்த பொருள், தொலைந்த இடம், தேட விரும்பும் நாள், நேரம் ஆகியவற்றைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பகலில் மட்டும் தேடுங்கள். கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். புதையல் தேடியவர்கள் நிலத்தடியை ஆராயும் ஸ்கேனருடன் கைதான செய்திகள் இலங்கையில் அடிக்கடி வெளிவருவதால், கருவியுடன் நிற்பவரைப் பொலிஸார் விசாரிப்பது எதிர்பார்க்கத்தக்கதே.

சபையின் அனுமதி தொல்பொருள் சட்டத்திலிருந்து விலக்களிக்காது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள்களைக் கண்டெடுக்கும் நோக்கில் நிலத்தை அகழ, அது சொந்தக் காணியாக இருந்தாலும், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மண்ணுக்குள் இன்னும் கண்டெடுக்கப்படாமல் இருக்கும் தொல்பொருள் அரசின் உடைமையாகும். ஆகவே யாழ்ப்பாணக் கோட்டை, கந்தரோடை, நல்லூரின் மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு, யமுனா ஏரி ஆகிய பழைமையான இடங்களின் பக்கம் கருவியைக் கொண்டுசெல்லவே வேண்டாம்.

இந்தக் கட்டுப்பாடு மிக அவசியமானது என்பதே என் உறுதியான கருத்து. 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது, பண்டைய பிராமி எழுத்துப் பொறித்த சிறிய முத்திரையொன்று ஈமக்குழியில் ஓர் எலும்புக்கூட்டின் அருகே கிடைத்தது. யாரோ ஒருவர் புதையல் தேடி அதை மட்டும் தோண்டி எடுத்துச் சென்றிருந்தால், புதைக்கப்பட்ட மனிதருக்கும் அம்முத்திரைக்கும் இருந்த தொடர்பு அன்றே அழிந்திருக்கும். நம் பழைமைக்கான சான்றொன்று வெறும் சந்தைச் சரக்காகியிருக்கும்.

அனுமதி கிடைத்தபின், மோதிரம் விழுந்ததாக நினைக்கும் பகுதியை மட்டும் கயிறு கட்டி அடையாளமிட்டு, கருவியின் தலையைத் தரைக்குச் சற்று மேலே, ஒரு வீச்சு மற்றதன்மேல் படியுமாறு மெதுவாக அசையுங்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்து இருப்பதால், கருவியை முதலில் மண்ணுக்கேற்பச் சரிசெய்யாவிட்டால் அது வீணாக ஒலிக்கக்கூடும். மெல்லிய தங்க மோதிரத்தின் ஒலி சோடாத் தகரத்தின் இழுவளையத்தின் ஒலியை ஒத்திருக்கும். எனவே குப்பை உலோகத்தின் ஒலியை அடக்கும் அமைப்பைக் கருவியில் இயக்கினால், மோதிரத்தின் ஒலியும் கேட்காமற்போய்விடும்.

அண்மையில் விழுந்த மோதிரம் புல்லின் வேரிலேயே தங்கியிருக்கும். கையால் புல்லை விலக்கிப் பாருங்கள். மண்வெட்டி, கத்தி, அலவாங்கு எதுவும் வேண்டாம். ஆழத்திலிருந்து வரும் ஒலி உங்கள் மோதிரத்தினுடையது அன்று. போர் நடந்த மண்ணில் அது வெடிக்காத எறிகணையாகவும் இருக்கலாம். துருப்பிடித்த உருளையோ இறக்கையுள்ள பொருளோ தென்பட்டால் தொடாமல், வந்த தடத்திலேயே பின்வாங்கி, பிறரையும் பிள்ளைகளையும் தூர விலக்கி, 119க்கு அழைத்துப் பொலிஸாருக்கு அறிவியுங்கள். பழைய நாணயம் தென்பட்டால் கழுவவோ தேய்க்கவோ வேண்டாம். கிடந்த இடத்திலேயே படமெடுத்து, தாமதமின்றித் தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ தெரிவியுங்கள்.