ட்ரக்கும் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கால ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் ட்ரக்கோட பின்னாடி இருக்கற சாமான் தொட்டிக்குள்ள (பெட்) மாட்டி இழுக்கற வீட்டு ட்ரெய்லர், வாங்கணும்னு ஆசைப்படுற நிறைய பேர் பண்ற முதல் தப்பு, ட்ரெய்லரை பிடிச்சுப்போய் அட்வான்ஸ் கட்டிட்டு அப்புறமா நம்ம ட்ரக் இதை இழுக்குமான்னு கேக்குறது. டீலர்கிட்ட கேட்டா விளம்பர புக்குல இருக்கற டோயிங் கெப்பாசிட்டிய காட்டி தாராளமா இழுக்கும்னு சொல்லிடுவாங்க. இஞ்சின் இழுத்துடும், அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா ட்ரக் சுமக்கணுமே.

ட்ரக்குக்குப் பின்னாடி உருண்டை வச்ச பால் ஹிட்ச்ல (ஹிட்ச்னா ட்ரெய்லர மாட்டுற இணைப்பு) மாட்டுற சாதா ட்ராவல் ட்ரெய்லர் தன் எடைல 10லருந்து 15 சதவீதம்தான் ட்ரக் மேல ஏத்தும், ஃபிஃப்த் வீல் அப்படி இல்ல, ட்ரக் பெட்டுக்குள்ள பின் ஆக்சிலுக்கு மேலயே உக்காருது, அதனால 20லருந்து 25 சதவீதம் வரைக்கும் ட்ரக் தலைல வந்துடும். இதத்தான் பின் (pin) வெயிட்னு சொல்றாங்க. சாமான் எல்லாம் ஏத்தி 12,000 பவுண்ட் இருக்கற ட்ரெய்லர்னு வச்சுக்கங்க, பின் வெயிட் மட்டும் 2,400லருந்து 3,000 பவுண்ட். அதோட ஹிட்ச் ஒரு 150, 200 பவுண்ட், குடும்பத்துல நாலு பேர் ஒரு 600 பவுண்ட், டூல் பாக்ஸ், கூலர், நாய்க்குட்டி, எல்லாம் சேத்து கூட்டிப் பாருங்க, 3,300ஐ ஈஸியா தொட்டுடும். ஹாஃப் டன் ட்ரக்ல (ஹாஃப் டன், முக்கால் டன், ஒரு டன்னெல்லாம் ட்ரக் சைஸ் வகையோட பேருதான்) பேலோட், அதாவது ட்ரக் சுமக்கக்கூடிய எடை, பெரும்பாலும் 1,500லருந்து 2,000 பவுண்ட்தான். முக்கால் டன் டீசல் வாங்கிட்டா போதும்னு நினைக்கறதும் தப்பு, டீசல் இஞ்சின் எடையே பேலோட்ல பெரிய பங்கை சாப்பிட்டுடும், பல முக்கால் டன் டீசல்ல மிச்சம் 2,000 சொச்சம்தான் நிக்கும். அதனாலதான் பெரிய ஃபிஃப்த் வீல் வச்சிருக்கவங்க ஒரு டன் ட்ரக், அதுலயும் பின்னாடி நாலு டயர் போட்ட டூயலிக்கு போறாங்க.

உங்க ட்ரக்கோட உண்மையான நம்பர் டிரைவர் கதவ தொறந்தா பக்கத்து தூண்ல மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர்ல இருக்கும், ஆளுங்களும் சாமானும் சேந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு. ஒரே மாடல், ஒரே வருஷம், ரெண்டு ட்ரக் பக்கத்து பக்கத்துல நின்னாலும் இந்த நம்பர் வேற வேறயா இருக்கும், சன்ரூஃப், லெதர் சீட், ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் இதுலதான் கழியும். ட்ரெய்லர் பக்கம் ட்ரை வெயிட்ட நம்பி கணக்கு போடாதீங்க, அது உங்க சாமான், தண்ணி எதுவும் ஏறாத எடை. தண்ணி மட்டுமே கேலனுக்கு 8.3 பவுண்ட், 60 கேலன் டேங்க்கை ரொப்புனா 500 பவுண்ட். ட்ரெய்லரோட அதிகபட்ச எடை, அதாவது ஜிவிடபிள்யூஆர், அத வச்சு கணக்கு போடுங்க. இன்னொண்ணு, பின்னாடி தொங்குதேன்னு ஏர் பேக் போட்டு நிமித்திட்டா பேலோட் ஏறிடும்னு நம்புறவங்க இருக்காங்க. ட்ரக் பாக்க நேரா நிக்கும், ஆக்சில், டயர், ப்ரேக் எதுவும் ஒரு பவுண்ட் கூட அதிகமா தாங்காது.

சந்தேகமே வேண்டாம்னா ஹைவே ட்ரக் ஸ்டாப்ல கேட் (CAT) ஸ்கேல்னு வண்டி எடை போடற மேடை இருக்கும், போய் எடை போட்டுடுங்க. முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர்னு தனித்தனியா சீட்டுல வரும். அதே சாமானோட ட்ரெய்லர கழட்டிட்டு ட்ரக்க மட்டும் இன்னொரு தடவ போட்டு, ரெண்டுத்துலயும் ட்ரக் ஆக்சில் எடைய கழிச்சா அதான் உங்க பின் வெயிட். சில டாலர்ல முடியற வேலை, வருஷக்கணக்கா ட்ரெய்லர் வச்சிருக்கவங்க கூட செய்யறதில்ல, எனக்கு அது புரியவே இல்ல.

லைசென்ஸும் பாத்துக்கங்க, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியால ஃபிஃப்த் வீல் ஜிவிடபிள்யூஆர் 15,000 பவுண்டுக்கு மேல போனா சாதா கார் லைசென்ஸ் செல்லாது, வாடகைக்கு இல்லாம சொந்தமா ஓட்டறவங்களுக்கான நான்-கமர்ஷியல் (noncommercial) கிளாஸ் ஏ லைசென்ஸ் வேணும்.

அடுத்து மாட்டுறது கழட்டுறது. பெரிய விபத்து நடக்கற இடம் இதுதான்ங்க, அதுவும் அவசரத்துல. ட்ரெய்லர் முன்பக்கம் ஹிட்ச் பிளேட்ட விட கொஞ்சம் தாழ்வா இருக்கணும், ட்ரக் பின்னால வந்து அடில நுழையும்போது ட்ரெய்லர லேசா தூக்கணும். உயரமா விட்டுட்டா ட்ரெய்லர் அடில நீட்டிட்டு இருக்கற இரும்பு முளை, அதாவது கிங் பின், ஹிட்ச்சோட தாடைக்குள்ள போகாம மேல ஏறி உக்காந்துடும், வெளில இருந்து பாத்தா மாட்டுன மாதிரியே தெரியும், வண்டி நகந்த உடனே அப்படியே ட்ரக் பெட் மேல விழும். அதனால க்ளிக் சத்தம் கேட்டுச்சு, ஹேண்டில் மூடிருச்சுன்னு விட்டுடாதீங்க, டார்ச் அடிச்சு கிங் பின் கழுத்தச் சுத்தி தாடை மூடியிருக்கான்னு கண்ணால பாருங்க. அப்புறம் லைட்டுக்கும் ப்ரேக்குக்கும் கரண்ட் போற ஏழு முனை கேபிள மாட்டி, ட்ரெய்லர் பிச்சுக்கிட்டா தானா ப்ரேக் பிடிக்க வைக்கற ப்ரேக்அவே கம்பிய ட்ரக்ல மாட்டுங்க, ஹிட்ச்ல மாட்டாதீங்க, ஹிட்ச்சே பிச்சுக்கிட்டு போனா கம்பியும் கூடவே போயிடும், ட்ரெய்லர் ப்ரேக் பிடிக்காது. இதெல்லாம் ஆனப்புறம், ட்ரெய்லரோட முன் தாங்கு கால் தரையத் தொட்டபடியே இருக்க, சக்கரக் கட்டையும் எடுக்காம, கேபின்ல இருக்கற கன்ட்ரோல்ல ட்ரெய்லர் ப்ரேக்க மட்டும் கைல பிடிச்சுக்கிட்டு ட்ரக்க மெதுவா முன்னால இழுத்துப் பாருங்க. சரியா மாட்டலைன்னா ட்ரெய்லர் கால்லயே நின்னுடும், ஒரு சேதமும் இல்ல.

கழட்டும்போது சக்கரத்துக்கு கட்டை, கால இறக்கு, கேபிள கழட்டு, ஹிட்ச்ச தொற, ட்ரக்கோட பின் கதவான டெயில்கேட்ட இறக்கு, அப்புறம்தான் ட்ரக்க நகத்தணும். டெயில்கேட்ட மறந்து நசுக்கறவங்க நிறைய. இந்த நேரத்துல கேம்ப்ல பக்கத்து இடத்துக்காரர் வந்து பேச்சு குடுத்தார்னா, முடிச்சிட்டு வரேண்ணேன்னு சொல்லிடுங்க, தப்பில்ல. பெட் நீளம் கம்மியான ஷார்ட் பெட் ட்ரக் வச்சிருக்கவங்க ரிவர்ஸ்ல ஒடிச்சு திருப்பும்போது ட்ரெய்லர் மூக்கு கேபின் பின் கண்ணாடில இடிக்கும், அதுக்கு பின்னாடி நகர்ற ஸ்லைடிங் ஹிட்ச் வாங்கிக்கங்க.

டயர். ட்ரெட் புதுசா இருக்குன்னு ஏமாறாதீங்க, ட்ரெய்லர் டயர் ஓடித் தேயறத விட நின்னு வயசாகித்தான் கெடுது. பக்கவாட்டுல டிஓடி நம்பரோட கடைசி நாலு எழுத்து பாருங்க, 2321னு இருந்தா 2021ல 23வது வாரம் செஞ்சது. அஞ்சாறு வருஷம் ஆச்சுன்னா மாத்திடுங்க. காத்து, காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர் சில்லுன்னு இருக்கும்போது, டயர்ல போட்ட முழு அளவுக்கு இருக்கணும், டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற லோட் ரேஞ்ச் எழுத்து ஈன்னா வழக்கமா 80 பிஎஸ்ஐ, ஜின்னா 110. காத்து கம்மியா ஓட்டினா சூடேறி வெடிக்கும், வெடிச்ச டயர் சும்மா போகாது, அடித் தகடு, கழிவுத் தண்ணி பைப், ஒயர் எல்லாத்தையும் கிழிச்சிட்டுத்தான் போகும். பல ட்ரெய்லர் டயருக்கு 65 மைல்தான் உச்ச வேகம், ட்ரக் 80ல போகுதேன்னு மிதிக்காதீங்க. வீல் கழட்டி மாட்டினா 10, 25, 50 மைல் ஓடினதும் நட்ட, இறுக்கற அளவைக் காட்டற டார்க் (torque) ரென்ச்ல திரும்ப இறுக்கணும்.

பேரிங்குக்கு 12,000 மைல் இல்லைன்னா வருஷத்துக்கு ஒரு தடவ கழட்டி கிரீஸ் போடணும். நிப்பிள் வழியா கிரீஸ் கன் வச்சு நிறைய அடிச்சா நல்லதுன்னு நினைச்சு அடிச்சா பின்னாடி சீல் பிஞ்சு கிரீஸ் ப்ரேக் ஷூல போயிடும், அப்புறம் அந்த சக்கரத்துல ப்ரேக் இருக்காது. நிக்கற எடத்துல எல்லாம் நாலு ஹப்பையும் (சக்கரத்தோட நடுப்பகுதி) தெர்மாமீட்டர் கன்ல பாருங்க, ஒண்ணு மட்டும் ரொம்ப சூடுன்னா அங்கயே நிறுத்துங்க.

உயரத்த டேப் பிடிச்சு அளந்து, கூரை ஏசியோட சேத்து, டாஷ்போர்டுல எழுதி ஒட்டுங்க. நார்த் கரோலினால டர்ஹம்ல வண்டிங்க கூரைய உரிக்கறதுக்கே பேர் போன ரயில் பாலம் 11 அடி 8 இன்ச் இருந்துச்சு, 2019ல 12 அடி 4 இன்ச்சா தூக்குனாங்க, தூக்குன பிறகும் ஒரு சராசரி ஃபிஃப்த் வீல் அதுக்குள்ள போகாது. கார் ஜிபிஎஸ் இதெல்லாம் சொல்லாது, உயரம் எடை போட்டு வழி காட்டுற ஆர்வி (வீட்டு வண்டி) ஜிபிஎஸ் வேணும். கொலராடோ ஐ-70ல ஐசன்ஹவர் டனல் தாண்டி இறங்குற மாதிரி 7 சதவீத சரிவுல, இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியர் குறைச்சு, இஞ்சினாலயே வேகத்தக் குறைக்கற எக்ஸாஸ்ட் ப்ரேக்க போட்டுடுங்க, பாதி மலைல ப்ரேக் வாசனை வந்தப்புறம் யோசிச்சா லேட்.

கடைசியா கூரை. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஏறி வென்ட், ஏசி, ஓரம் சுத்தி தண்ணி எறங்காம அடைக்கற பசை, அதாவது சீலன்ட், வெடிச்சிருக்கான்னு பாருங்க. மேல படுக்கைவாட்டுல தானா பரவுற செல்ஃப் லெவலிங் சீலன்ட், பக்கச் சுவர்ல வழியாத வகை, மாத்திப் போட்டா நிக்காது. ரப்பர் கூரைல பெட்ரோலியம் கலந்த க்ளீனர் படவே கூடாது. நிறுத்துனப்புறம் வெளில நீளுற அறைப் பகுதியான ஸ்லைட் அவுட் மூலைல, பெட்ரூம் மேல் ஓரத்துல கையால அமுக்கிப் பாருங்க, மெத்துன்னு உள்ள போச்சுன்னா தண்ணி ஏற்கனவே எறங்கிடுச்சு, மேல சீலன்ட் பூசி மறைக்காம அந்தப் பகுதிய பிரிச்சு காய வச்சுட்டுத்தான் மூடணும்.